கேம் ஓடும்போது பிரவுசரும் திறந்திருக்க வேண்டும் என்றால் எதைப் போடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ரைசன் 5 5600எச் பிராசஸர், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். பக்கத்தில் ஒரு மானிட்டர். வேலரன்ட், ஜிடிஏ 5 ஆடும்போது மானிட்டரில் யூடியூபோ கேமின் மேப்போ திறந்திருக்க வேண்டும். குரோம் திறந்ததும் கேம் விக்கி விக்கி ஓடுகிறது. ஓபரா ஜிஎக்ஸ் போட்டால் சரியாகுமா, இல்லை வேறு எது நல்லது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த லேப்டாப்புக்கு என் தேர்வு ஃபயர்பாக்ஸ், அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டு. புதிதாக எதையும் நிறுவ மனமில்லை என்றால் விண்டோஸோடு வரும் எட்ஜ். ஓபரா ஜிஎக்ஸ் அதற்கும் பிறகுதான். ஆனால் பிரவுசரின் பெயரை மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. உங்கள் விக்கலுக்குப் பாதிக் காரணம் பிரவுசருக்கு வெளியே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குரோம், எட்ஜ், ஓபரா ஜிஎக்ஸ், பிரேவ், விவால்டி எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது குரோமியம் என்ற ஒரே அடிப்படை நிரல்தான். எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறியது. ஓபரா ஜிஎக்ஸ் 2019-இல் வெளிவந்தபோதே குரோமியம்தான். ஆகவே ஒரே பக்கத்தை இந்த ஐந்திலும் திறந்தால் அந்தப் பக்கத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மாறுவது மேலே உள்ள கட்டுப்பாடுகள்: பயன்படுத்தாத டேபை எப்போது தூங்க வைப்பது, விளம்பரத்தைத் தடுப்பதா, மூடிய பிறகும் பின்னணியில் உட்கார்ந்திருப்பதா என்பவை. விண்டோஸில் பரவலாகப் புழங்கும் பிரவுசர்களில் தனி எஞ்சின் உள்ளது ஃபயர்பாக்ஸ் ஒன்றுதான்.

பிரவுசர்கள் ரேமை விழுங்குவதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. 2018-இல் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டை வெளியானது. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் தகவலை எட்டிப் பார்க்க முடியும் என்ற நிலை வந்ததால், குரோம் 67 முதல் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸில் வைக்க ஆரம்பித்தார்கள். அதனால் 10 முதல் 13 சதவீதம் கூடுதல் மெமரி ஆகும் என்று கூகுளே அப்போது சொன்னது. ஃபயர்பாக்ஸும் 2021-இல் இதே வழிக்கு வந்தது. இந்தப் பாதுகாப்பை அணைத்து ரேம் மிச்சம் பிடிக்கச் சொல்லும் குறிப்புகள் கண்ணில் படலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே பிரவுசர் அது.

சரி, விக்கல் எங்கிருந்து வருகிறது? கேமும் பிரவுசரும் நான்கு இடங்களில் மோதிக்கொள்கின்றன: ரேம், கிராபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி, பிராசஸர், வீடியோவை விரித்துக் காட்டும் டீகோடர். எந்த இடத்தில் மோதல் என்று தெரியாமல் பிரவுசரை மட்டும் மாற்றுவது, எங்கே வலி என்று சொல்லாமலே மாத்திரை வாங்குவது போல.

ரேமிலிருந்து தொடங்கலாம். உங்கள் 8 ஜிபியில் ஒரு பகுதியை பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 8-க்குக் குறைவான எண் தெரிவது அதனால்தான். விண்டோஸும் அதன் பின்னணி வேலைகளும் போக மீதியில்தான் கேம், பிரவுசர், டிஸ்கார்டு எல்லாம். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் சிலவற்றை எஸ்எஸ்டிக்குத் தள்ளி வைக்கும். கேம் அதைத் திரும்பக் கேட்கும்போது கிடைக்கச் சற்று நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் திரையில் விக்கலாகத் தெரிகிறது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற கணக்கு) நன்றாகவே இருக்கும், நடுநடுவே மட்டும் வெட்டும். உங்கள் விக்கல் இந்த மாதிரி என்றால் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றால் சந்தேகம் சரி.

பிரவுசரைத் திறந்து சும்மா வைத்துவிட்டு, அது எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று ஒப்பிடுவதில் பயனில்லை. காலியிடம் இருந்தால் எல்லா பிரவுசரும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் வழக்கமாகத் திறக்கும் நான்கைந்து டேபைத் திறந்து, கேமையும் ஓட்டி, அப்போது பார்க்க வேண்டும். எந்த டேப் தின்கிறது என்று அறிய குரோமியம் பிரவுசர்களில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும். ஃபயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட்:பிராசசஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் போதும். பெரும்பாலும் குற்றவாளி ஒரே ஒரு டேபாக இருக்கும்: நேரலை சாட் ஓடும் பக்கம், அல்லது விளம்பரம் நிறைந்த கேம் வழிகாட்டித் தளம்.

யூபிளாக் ஆரிஜினை நான் வற்புறுத்துவது இதனால்தான். விளம்பரம் கண்ணுக்கு எரிச்சல் என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு விளம்பரமும் தானே ஒரு சின்னப் பக்கம் போல நிரலைக் கொண்டுவந்து ஓட்டுகிறது, அடிக்கடி தன்னைப் புதுப்பிக்கிறது. கேம் வழிகாட்டித் தளங்களில் கட்டுரையைவிட அதைச் சுற்றியுள்ள விளம்பரங்களே கனமானவை. அவை உள்ளேயே வராவிட்டால் ரேமும் பிராசஸரும் இரண்டுமே மிச்சம். குரோமில் 2025-இல் பழைய எக்ஸ்டென்ஷன் முறையை முழுதாக நிறுத்திவிட்டார்கள், அதனால் முழு யூபிளாக் ஆரிஜின் இனி அங்கே ஓடாது, அதன் லைட் பதிப்புதான் கிடைக்கும். ஃபயர்பாக்ஸில் முழுப் பதிப்பு தொடர்கிறது. பிரேவில் தடுப்பான் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. குரோமியம்தான் பழக்கம், மாற மனமில்லை என்பவர்களுக்கு நான் பிரேவைச் சொல்வேன். அதில் வரும் ரிவார்ட்ஸ், வாலட் போன்றவற்றை மட்டும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து கார்டின் மெமரி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பிரவுசர் பக்கங்களை வரைவதும் கிராபிக்ஸ் சிப்தான், அதற்கும் அங்கே இடம் வேண்டும். 4 ஜிபி கார்டில் ஜிடிஏ 5-இன் டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை) உயர்த்தி வைத்திருந்தால் ஏற்கெனவே விளிம்பில் இருப்பீர்கள். கேமின் கிராபிக்ஸ் செட்டிங்ஸிலேயே எவ்வளவு வீடியோ மெமரி ஆகும் என்று ஒரு பட்டை காட்டும், அதை முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். பிரவுசர் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்க, டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து டெடிகேட்டட் ஜிபியு மெமரி என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருப்பதால் இதற்கு நல்ல தீர்வு உண்டு. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போனால் ஒவ்வொரு செயலிக்கும் எந்தச் சிப் என்று தேர்ந்தெடுக்கலாம். பிரவுசரை பவர் சேவிங்கில் வைத்தால் அது பிராசஸரின் உள் கிராபிக்ஸில் ஓடும், கேம் தனிக் கார்டில் ஓடும். மாற்றிய பிறகு பிரவுசரை முழுதாக மூடித் திறக்க வேண்டும். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: உள் கிராபிக்ஸுக்கு சொந்த மெமரி கிடையாது, உங்கள் 8 ஜிபியிலிருந்துதான் எடுக்கும். அதனால் ஜிடிஏ போல கார்டு மெமரியை நிரப்பும் கேமுக்கு இது மருந்து. வேலரன்ட்டுக்கு 4 ஜிபி தாராளம், அங்கே உங்கள் தட்டுப்பாடு ரேமும் பிராசஸரும்தான், ஆகவே இந்த மாற்றத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

மானிட்டரை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பல கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ போர்ட் நேராகத் தனிக் கார்டோடு இணைந்திருக்கும். அப்போது உள் கிராபிக்ஸ் வரைந்த பிரவுசர் படமும் மானிட்டருக்குப் போக அந்தக் கார்டு வழியாகத்தான் போக வேண்டும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் (PhysX) அமைப்பைத் திறந்தால் எந்தத் திரை எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்று படமாகவே காட்டும். மானிட்டர் தனிக் கார்டில் இருக்கிறது என்றால், கேமை மானிட்டரிலும் பிரவுசரை லேப்டாப் திரையிலும் வைத்துப் பாருங்கள். மானிட்டர்தான் பெரிது என்பதால் பலருக்கு இது வசதியாகவும் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது இப்போது சொல்லப்போவதைத்தான். யூடியூப் வீடியோக்கள் எச்.264, விபி9, ஏவி1 என்று வெவ்வேறு கோடெக்குகளில், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறைகளில், வருகின்றன. கிராபிக்ஸ் சிப்பில் அந்த கோடெக்குக்கென்று தனி டீகோடர் இருந்தால் வீடியோ ஓடுவது கேமுக்குத் தெரியவே தெரியாது. ஏவி1-க்கான டீகோடர் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலும், இன்டெலில் 11-ஆம் தலைமுறை உள் கிராபிக்ஸிலும்தான் வந்தது. உங்கள் ஜிடிஎக்ஸ் 1650-இல் விபி9 வரைதான் இருக்கிறது. 5600எச்-இன் உள் கிராபிக்ஸிலும் ஏவி1 இல்லை. அப்படியானால் யூடியூப் ஏவி1 அனுப்பும் ஒவ்வொரு தடவையும் முழு வேலையையும் பிராசஸரே செய்ய வேண்டும். வேலரன்ட் பிராசஸரை நம்பி ஓடும் கேம். இரண்டும் அதே கோர்களுக்காக அடித்துக்கொள்ளும். எந்த பிரவுசராக இருந்தாலும் இது நடக்கும்.

சோதிப்பது எளிது. வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் திறந்தால் கோடெக்ஸ் என்ற வரி இருக்கும். அதில் ஏவி என்ற இரண்டு எழுத்தோடு 01 என்று தொடங்கினால் ஏவி1, விபி என்ற எழுத்துகளோடு 09 என்றால் விபி9. ஏவி1 என்று வந்தால் யூடியூப் செட்டிங்ஸில் பிளேபேக் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், ஏவி1-ஐக் குறைந்த தரத்துக்கு மட்டும் விரும்பு என்று பொருள்படும் தேர்வை எடுங்கள். 480பி வரைதான் ஏவி1 வரும். அந்த அளவில் பிராசஸருக்குச் சுமை அதிகமில்லை. அதற்கு மேலே விபி9 வரும், அதை உங்கள் சிப் பார்த்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் வீடியோ டீகோட் என்ற கோடு அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் வேலை சரியான இடத்துக்குப் போய்விட்டது. பாட்டு மட்டும் கேட்கத்தான் வீடியோ என்றால் 144பி வைத்துவிடுங்கள், பார்க்காத படத்தை யாரும் விரித்துக் காட்ட வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான அறிவுரையைத் திருத்த வேண்டும். பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தால் எஃப்பிஎஸ் ஏறும் என்று பலரும் சொல்வார்கள். அணைத்தால் நடப்பது இதுதான்: விபி9, எச்.264 உட்பட எல்லா வீடியோவும், பக்கங்களை வரையும் வேலையும் பிராசஸர் தலையில் விழும். உங்களுக்கு அது நேர் எதிரான பலனைத் தரும். வெறும் எழுத்துள்ள ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைப்பவர், ஒரே பலவீனமான கார்டு வைத்திருப்பவர், கார்டு மெமரி முழுதும் நிரம்பித் தவிப்பவர் வேண்டுமானால் அணைத்துப் பார்க்கலாம். மற்றவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

கேம் நன்றாக ஓடி, பக்கத்துத் திரையில் வீடியோ மட்டும் திக்கினால் அது வேறு சிக்கல். கேம் கார்டை 99 சதவீதம் பிடித்து வைத்திருக்கும்போது பிரவுசர் தன் படத்தை வரைய வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். கேமின் எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு வரம்பு போடுங்கள். வேலரன்ட்டில் கேமுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது, ஜிடிஏவுக்கு என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் இருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் திரையில் 140 வைத்தால் கண்ணுக்கு ஒன்றும் குறையாது, கார்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இனி பிரவுசர்களுக்கு வருகிறேன். ஓபரா ஜிஎக்ஸின் பெரிய கவர்ச்சி ரேம், பிராசஸர், நெட்வொர்க் மூன்றுக்கும் வரம்பு போடும் கட்டுப்பாடு. பிராசஸர் வரம்பும், அதிகம் தின்னும் டேபைக் காட்டி மூடவிடும் ஹாட் டேப்ஸ் கில்லரும் உண்மையிலேயே பயன்படும். ரேம் வரம்பை மட்டும் நிதானமாகப் பாருங்கள். வரம்பு போட்டதால் எந்தப் பக்கமும் எடை குறைவதில்லை. ஒரு டேபுக்கே முக்கால் ஜிபி வேண்டும், நீங்கள் 1 ஜிபி என்று வைத்தீர்கள் என்றால், பிரவுசர் இழுபறிப்படும். வெளியே தள்ளிய டேபைத் திரும்பத் தொட்டதும் அதை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அந்த ஏற்றம் ரவுண்டு நடுவே நடந்தால் பிராசஸரும் நெட்டும் அங்கே போகும். பக்கப் பட்டையில் டிஸ்கார்டு, ட்விட்ச், வாட்ஸ்அப் என்று வரிசையாக இருப்பவையும் திறந்தால் தனித்தனிப் பக்கங்கள்தான், அவற்றுக்கும் ரேம் வேண்டும். ஓபராவின் தலைமையகம் நார்வேயில் இருந்தாலும் 2016 முதல் அது சீன முதலீட்டாளர்களின் கையில் இருக்கிறது. அது உங்களுக்குப் பொருட்டா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். வரம்பு போடும் வசதி கைக்கெட்டும் இடத்தில் வேண்டும் என்பவருக்கு அது கெட்ட பிரவுசர் அல்ல.

எட்ஜில் எனக்குப் பிடித்தது ஸ்லீப்பிங் டேப்ஸ். 2021 தொடக்கத்தில் வந்தது. எவ்வளவு நேரம் தொடாவிட்டால் தூங்க வேண்டும் என்று நாமே வைக்கலாம். கேமுக்காக 5 நிமிடம் வைத்தால் நன்றாக இருக்கிறது. கேம் ஓடும்போது தானாகவே குறைவாக எடுத்துக்கொள்ளும் அமைப்பும் எஃபிஷியன்சி மோடோடு சேர்ந்து வருகிறது. ஒரே திரை வைத்திருப்பவர்களுக்கு கேம் அசிஸ்ட் என்ற வசதியும் உண்டு: விண்டோஸ் கேம் பாரில், கேமுக்கு மேலேயே ஒரு சின்ன பிரவுசர் சன்னல். ஆல்ட்-டேப் அடித்து வெளியே போய் வர வேண்டியதில்லை. ஆனால் எட்ஜில் ஸ்டார்ட்டப் பூஸ்ட் என்றும், மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடு என்றும் இரண்டு அமைப்புகள் சிஸ்டம் பகுதியில் இருக்கும். இரண்டையும் அணைத்துவிடுங்கள். குரோமிலும் இரண்டாவதற்கு இணையான ஒன்று அதே இடத்தில் இருக்கிறது. குரோமை மூடினேன், அப்படியும் டாஸ்க் மேனேஜரில் நிற்கிறதே என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் விடை.

குரோமிலேயே இருக்க விரும்பினால் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரை இயக்கி, உச்ச அளவில் வையுங்கள். அவ்வளவுதான், வேறொன்றும் பெரிதாகச் செய்வதற்கில்லை.

ஃபயர்பாக்ஸில் 2021 முதல் விண்டோஸில் ரேம் ஆபத்தான அளவு குறைந்தால் தானாகவே டேப்களை இறக்கிவிடும். 2025-இல் இன்னும் நல்ல வசதி வந்தது: டேபில் ரைட் கிளிக் செய்து அன்லோட் டேப் என்றால், டேப் பட்டையில் அப்படியே நிற்கும், ஆனால் ரேமை விட்டுவிடும். கேம் திறக்கும் முன் தேவையில்லாத டேப்களைத் தேர்ந்தெடுத்து இப்படி இறக்கிவிட்டால் எதையும் மூடி இழக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இல் பின்னணி டேப்களைக் குறைந்த மின்சாரப் போக்கில் ஓட்டும் வேலையையும் அது செய்கிறது. யூபிளாக் ஆரிஜினோடு சேர்த்துப் பார்த்தால் 8 ஜிபி மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஒரு எச்சரிக்கை: தூங்க வைப்பது, இறக்குவது எல்லாம் மறைந்திருக்கும் டேப்களுக்குத்தான். பக்கத்துத் திரையில் கண்ணெதிரே திறந்திருக்கும் பக்கத்தை எந்த பிரவுசரும் தூங்க வைக்காது. அங்கே எது இருக்கிறது என்பது உங்கள் பொறுப்பு.

அப்புறம், பிரவுசர் என்று நாம் நினைக்காத பிரவுசர்கள். டிஸ்கார்டு செயலி குரோமியத்தின் மேல் கட்டப்பட்டது. கேம் வாங்கி ஓட்டும் செயலியான ஸ்டீமின் சன்னல்களை வரைவதும் குரோமியம்தான், டாஸ்க் மேனேஜரில் ஸ்டீம் வெப்ஹெல்ப்பர் என்று பல வரிகள் வருவது அதனால். ஆக குரோம், டிஸ்கார்டு, ஸ்டீம் மூன்றும் ஓடினால் உங்கள் 8 ஜிபியில் மூன்று குரோமியம் ஓடுகின்றன. வேலரன்ட் ஆடும்போது ஸ்டீம் தேவையே இல்லை, முழுதாக வெளியேறிவிடுங்கள். டிஸ்கார்டில் எழுதிப் பேசுவது மட்டும் என்றால், தனிச் செயலிக்குப் பதில் பிரவுசரிலேயே ஒரு டேபாகத் திறக்கலாம். ஸ்டீமில் வாங்கிய கேம் என்றால் மாறாக, ஷிஃப்ட்-டேப் அடித்தால் வரும் ஓவர்லேயிலேயே பிரவுசர் இருக்கிறது. ஸ்டீம் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மேப்பையோ வழிகாட்டியையோ பார்க்க அது போதும், அந்தச் சன்னலை கேம் மேலேயே பின் செய்தும் வைக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் மெமரி 90 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை என்றால், மேலும் பிரவுசர் தேட வேண்டாம். இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்கள். 8 ஜிபியோடு விற்கும் கேமிங் லேப்டாப்கள் பலவற்றில் ஒரே ஒரு குச்சிதான் இருக்கும், இன்னொரு இடம் காலியாக இருக்கும். இரண்டாவது போட்டால் அளவு இரட்டிப்பாவதோடு, டூயல் சேனல் (இரண்டு குச்சிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை) ஆவதால் பிராசஸருக்குத் தகவல் வரும் வேகமும் கூடும், வேலரன்ட் போன்ற கேமில் அது தனியாகவே தெரியும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இடத்தில் இரண்டில் ஒன்று என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே பக்கத்தில் ரேமின் வேகமும் இருக்கும். 5600எச் லேப்டாப் என்றால் அது டிடிஆர்4, கடையில் லேப்டாப்புக்கான சின்ன அளவு, 3200 வேகம் என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்5 அந்த ஸ்லாட்டில் நுழையாது.